பிரஷர் எனக்கு, ஏச்சு வாப்பாவுக்கு

14 மே 2025

இந்தக் கொப்பி யாருடைய கையில் அகப்பட்டாலும், அல்லாஹ்வுக்காக மூடி வைத்துவிடுங்கள். ஒருத்தருக்கும் காட்டாதீர்கள். என் வகுப்பு நப்லாவுக்குக் காட்டினால் மருதமுனை வரைக்கும் போய்விடும்.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு டொக்டர் வந்தார். எனக்குப் பிரஷர் கூடவாம். மூன்று தரம் பார்த்தார். எனக்குப் பன்னிரண்டு வயதுதானே? அது வயசாளிகளின் வருத்தமில்லையா? நான் மௌத்தாகிவிடுவேனா?

15 மே

பிரஷர் என்றால் கோபம் என்று உம்மா நினைத்துக்கொண்டிருக்கிறா. "ஒருத்தரும் அவட கோவத்தக் கிளப்பப்படாது!" தம்பி அப்ராஸ் டிவி ரிமோட்டை இரண்டு கையாலும் நீட்டுகிறான். வாப்பா என்னோடு கதைக்க முதல் செருமுகிறார்.

ஆனால் நெட்போல் விளையாடக்கூடாது என்று உம்மா சொல்லிவிட்டா. "ஓடினா ரத்தம் கொதிக்கும் மகள்." வலயப் போட்டிக்கு நான்தானே கோல் ஷூட்டர்! அழுதேன். அதற்கும் ஓடிவந்து விசிறினா.

22 மே

படுக்கை. உம்மா ஊட்டும் இனிப்பு வட்டிலப்பம். படுக்கை.

2 ஜூன்

கிளினிக். சிறுநீரும் ஸ்கேனும் நல்லமாம். என்ன சாப்பாடு என்று டொக்டர் மிஸ் கேட்டா.

உம்மாவுக்குப் பெருமை. "இவட வாப்பாக்குக் கருவாட்டுக் கடை, டொக்டர். சோத்துக்கும் கருவாடு, புட்டுக்கும் கருவாடு."

டொக்டர் மிஸ் பேனையைக் கீழே வைத்தா. "கருவாட்ட நிப்பாட்டுங்க. உப்பக் குறைங்க. புள்ள நல்லா ஓடட்டும். ஆரு ஓடவேணாமெண்டது?"

உம்மா மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தா. "இவட வாப்பாதான்."

மூன்று மாதத்தில் பிரஷர் குறையாவிட்டால் தினமும் குளிசை விழுங்கவேண்டுமாம். யா அல்லாஹ்.

10 ஜூன்

"இது கறியா, சுடுதண்ணியா?" என்று அப்ராஸ் கேட்டான். வாப்பா சத்தமில்லாமல் சாப்பிட்டார். கடையில் ஒளித்துக் கருவாடு தின்றுவிட்டு வந்தாரோ என்று உம்மாவுக்குச் சந்தேகம். அவர் கையைப் பிடித்து மணந்து பார்த்தா.

"கருவாட்டுக் கடைக்காரன்ட கை வேறென்ன மணக்கும்?"

நியாயம்தானே. உம்மா விடவில்லை. "வாயத் திறங்க."

திறக்கவில்லை. இரவு முழுக்க ஏச்சு.

12 ஜூலை

வலயப் போட்டியில் இரண்டாமிடம். நான் மயங்கி விழவில்லை. வாங்கில் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்த நப்லாதான் கீழே விழுந்தாள்.

1 செப்டெம்பர்

குறைந்திருக்கிறது! குளிசை இல்லை! ஆனால் கிளினிக்குக்கு விடாமல் வரவேண்டும்.

சந்தோஷத்தில் உம்மா, "சும்மா எனக்கும் ஒருக்காப் பாருங்களன்" என்று கையை நீட்டினா. பார்த்தார்கள்.

உம்மாவின் பிரஷர் என்னுடையதைவிடக் கூட.

2 செப்டெம்பர், சுபஹு தொழுதபின்

உம்மா இரவு முழுக்க ஒருத்தரையும் ஏசவில்லை. பயந்துவிட்டா. நான்தான் பக்கத்தில் இருந்து, ஒன்றுமில்லை உம்மா, நடந்தால் குறையும் என்றேன். இன்றைக்குக் கடற்கரை வரைக்கும் கூட்டிப்போகப் போகிறேன். வாப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பழகுகிறா. டக், டக், டக். இப்போது என் கதவில் —

"மகள், கிளம்பிட்டியா? எனக்குப் பயமாரிக்கி, கைய புடிச்சிக்கோ."