இரண்டு பொட்டலம் புகைக்கரி

அன்பு மகளுக்கு,

நம் குற்றாலம் லாட்ஜிலிருந்து வேலைக்காரி பேராச்சியை நான் விரட்டிவிட்டதாக உன் அண்ணன் சொல்லியிருப்பான். அது தவறு. அவள் இருமுவதைக் கேட்டு, வெந்நீர் அடுப்பிலிருந்து விலக்கித் துணி மடிக்க வைத்தேன்.

“புகையிலயே வளந்தவ நான். ஒங்க சோப்பு வாசந்தான் ஆச்சி இருமல இழுக்குது,” என்கிறாள். சாரல் தொடங்கி வெந்நீர் கேட்கும் கூட்டம் கூடிவிட்டதால் அடுப்படிக்கே திரும்புவேன் என்று பிடிவாதம்.

உன் ஆய்வகத்தில் நுரையீரல் செல்கள்மேல் புகைக்கரியைப் போட்டுப் பார்க்கிறீர்களே, அதற்காக இரண்டு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ஒன்று விறகுக் கரி, மற்றது முந்திரித்தோட்டுக் கரி. விறகை நிறுத்தித் தோட்டை எரிக்கச் சொன்னவள் நான்தான். யாரையும் கேட்கவில்லை. அவள் இருமல் அந்த வருஷம்தான் தொடங்கியது.

தோடுதான் அதிகக் கேடு என்றால், அம்மா என்று பார்த்து மறைக்காதே. அவளுக்கு நானே படித்துக் காட்ட வேண்டும். போனில் சொல்லாமல் கடிதமாக எழுது.

உன் அம்மா