மேடைக்கு ஃபுல் ஃபிரேம், பந்திக்கு நான்

பிப்ரவரி 9, ஞாயிறு
அம்பத்தூர் ஸ்டூடியோவில் முதலாளி வரதன் அண்ணன் இன்று சட்டம் போட்டார். இனி மணமேடையில் ஃபுல் ஃபிரேம் கேமரா மட்டும்தான். கூட வேலை செய்யும் லோகேஷிடம் அது இருக்கிறது, மேடை அவனுக்கு. என்னுடையது கிராப், உள்ளே ஒளி விழும் சென்சார் அதில் பாதிதான். மண்டபத்து இருட்டில் படம் மணல் கொட்டியதுபோல் ஆகிவிடும். அது உண்மைதான். ஆறு வருடம் மேடையில் நின்றவனைப் பந்திக்குத் துரத்தியதும் உண்மை. “சோறு துன்றவனத்தான எடுக்கப்போற, அதுக்கு இது போதும் நைனா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு ஃபுல் ஃபிரேம் வேண்டும். வெறியாக வேண்டும்.

பிப்ரவரி 16
பாடியில் கல்யாணம். பந்தி பரிமாறிய டில்லிபாபு கால் இடறி, பெண்ணின் தாய்மாமன் பட்டு வேட்டியில் சாம்பாரைக் கொட்டிவிட்டார். அந்த ஆள் கரண்டியைப் பிடுங்கி அவர் முகத்தில் அடித்தான். அவன் மகன்கள் இரண்டு பேரும் கீழே தள்ளி மிதித்தார்கள். இலைமேல் ரத்தம். அடுத்த வரிசையில் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
நான் பந்தியின் கோடியில் நின்று ஜூம் செய்து எடுத்தேன். நாற்பத்தொரு படம். ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

பிப்ரவரி 17
டில்லிபாபுவுக்கு வலது கண் போய்விட்டது. வழுக்கி விழுந்தார் என்று போலீசில் சொல்லியிருக்கிறார்கள். முந்நூறு பேர் சாப்பிட்ட பந்தி. பார்த்தவன் ஒருவனும் இல்லையாம்.
சத்தம் கேட்டு வந்த லோகேஷ், அகலமாக எடுக்கும் மேடை லென்ஸோடு வாசலில் நின்று எடுத்ததில் வெறும் தலைகள். என் சின்ன சென்சார் இன்னும் கிட்டே இழுத்திருக்கிறது. மணல்தான். ஆனால் மூன்று முகமும் தெரிகிறது.

பிப்ரவரி 18
வரதன் அண்ணன் ஒரு ஃபுல் ஃபிரேமை மேசைமேல் வைத்தார். “பொண்ணு வூட்டுக்காரங்க சொல்லி அனுப்பிக்கீறாங்க. அவங்க மூஞ்சி உன்கிட்டதான் கீதாம். அழிச்சிட்டு இத்த எட்த்துக்கோ. மேடை உன்து.”
எடுத்துக்கொண்டேன். எழுது நாயே — எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 19
இன்னும் அழிக்கவில்லை. திருப்பியும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 20
புதுக் கேமராவோடு ஆவடியில் ரிசப்ஷன். இருட்டு வழவழவென்று விழுகிறது, ஒரு புள்ளி இல்லை. இதற்காகத்தானே செத்தேன்?
பழையதை அழிக்க உட்கார்ந்தேன். இருபத்துமூன்றாவது படத்தில் டில்லிபாபு நேராக என் லென்ஸைப் பார்க்கிறார். கூப்பிடுகிற பார்வை. நான் அந்தக் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 21
வேப்பம்பட்டில் அவர் வீடு. மனைவி அஞ்சலையிடம் எல்லாப் படத்தையும் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
“இத்தினி எட்த்தியே. நடுவுல ஒரு தபா குறுக்க பூந்திருக்கலாம்ல?”
திரும்பும் வழியில் ஃபுல் ஃபிரேமை வரதன் மேசையில் வைத்துவிட்டேன். இனி மேடையும் இல்லை, பந்தியும் இல்லை.

பிப்ரவரி 27
வழக்குப் பதிவானது. தாய்மாமன், இரண்டு மகன்கள், மூன்று பேர்மீதும்.

மார்ச் 2
டில்லிபாபுவின் காயத்தை வக்கீலுக்காகப் படமெடுக்கப் போனேன். தாய்மாமனின் மகன்கள் உள்ளே நுழைந்தார்கள். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி, பெரியவன் அஞ்சலையின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.
என் பழைய கேமராவைத் தூக்கினேன். கண்ணுக்கு அல்ல. வாரோடு சுழற்றி அவன் வாயில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். இரண்டு பல். சின்னவன் என் விலாவில் உதைத்தான். மூச்சு விட்டால் வலிக்கிறது.

மார்ச் 5
இப்போது என்மேலும் வழக்கு. லென்ஸ் தனியாக, கேமரா தனியாகக் கிடக்கிறது. ஃபுல் ஃபிரேமைத் திருப்பிக் கொடுத்த கதையைச் சொன்னேன். டில்லிபாபு இரண்டையும் கையில் வாங்கி, ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.
“அந்தப் பெர்ய கேமராவா இருந்தா தாடையே போயிருக்கும் இல்ல தம்பி?”
“ஆமாண்ணே,” என்றேன். “இது எடை கம்மி.”