இரைச்சல் என்று நீக்கியவை

பதிவு 211 | 06:00
ஆழம் 840 மீட்டர். நீர் வெப்பம் 7 டிகிரி. ஒலியின் வேகம் நொடிக்கு 1492 மீட்டர். கடற்தரை நிலையத்தில் நான் மட்டும். இருதயராஜ் சிறிய நீர்மூழ்கியில் கடலடிச் சரிவைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆவாது, பாத்துக்கோ ஜெசிந்தா" என்று வழக்கம்போலச் சீண்டிவிட்டுத்தான் போனான். போகட்டும். இந்தக் கடலில் எந்த ஒலி எங்கே பிறந்தாலும் என் கணித மாதிரி இடத்தைச் சொல்லிவிடும். ஐந்து வருட உழைப்பு.

பதிவு 212 | 07:25
சரிவு இடிந்துவிட்டது. நீர்மூழ்கியோடு பேச்சு அறுந்தது. உள்ளே காற்று 15:30 வரைதான். அதன் அபாய ஒலி மட்டும் வருகிறது. மாதிரியில் போட்டேன்: சரிவுக்கு வடக்கே பதினோரு கிலோமீட்டர். மீட்புக் கப்பலுக்குச் சொல்லியாயிற்று.

பதிவு 213 | 09:40
கப்பலிலிருந்து கேப்டன் மச்சாடோ: "போற வழியில இப்ப சரிவுக்கு மேலதான் நிக்கோம். இங்கயே ஒருக்கா தேடிப் பாக்கட்டுமாம்மா?"
வேண்டாம் என்றேன். நேரமில்லை. கணக்கு வடக்கு என்கிறது.

பதிவு 214 | 12:10
மச்சாடோ: "நீங்க சொன்ன எடத்துல வெறும் பாறைதான் கெடக்கு. மூணு தடவ கேமராவ எறக்கியாச்சி. ஆளு இல்லம்மா."
உப்பு, வெப்பம், ஆழம் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தேன். பிழையே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

பதிவு 215 | 13:35
பாவி நான். கடற்தரையைச் சுவர்போல வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். தரைக்குக் கீழிருந்து ஒலி வராது. வந்தால் இரைச்சல், நீக்கிவிடு. நான் எழுதிய விதி. அவன் சரிவில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறான். வடக்கில் கேட்டது பாறையில் பட்ட எதிரொலி. அதை வைத்துக்கொண்டு அவனை நீக்கியிருக்கிறேன்.
கப்பலைத் திரும்பச் சொன்னேன். மச்சாடோ "வாரோம்" என்றார். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பதிவு 216 | 15:05
சேற்றை உறிஞ்சும் குழாய் இறங்குகிறது. நீக்கிய ஒலிகளைத் திறந்து கேட்கிறேன்.
07:31. இரும்பில் தட்டும் சத்தம். மூன்று மூன்றாக. எட்டு மணி, ஒன்பது மணி, விடாமல்.
09:38. கப்பல் எஞ்சின், அவன் தலைக்கு நேர் மேலே. தட்டல் வெறிபிடித்ததுபோல வேகமாகிறது. வந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறான்.
09:44. எஞ்சின் விலகுகிறது. தட்டல் நிற்கிறது. மறுபடி தொடங்கப் பதினோரு நிமிடம் ஆகியிருக்கிறது.
கடைசித் தட்டல் 13:20.

பதிவு 217 | 15:29
மச்சாடோ: "நீர்மூழ்கி ஆம்பிட்டுட்டும்மா! உள்ள சத்தம் ஏதும் கேக்குதா?"
இரைச்சலை நீக்கும் வடிகட்டியை அணைத்துவிட்டேன். எல்லாம் கேட்கிறது. குழாய். சேறு. என் மூச்சு.
தட்டு, இருதயராஜ். ஒரே ஒரு தடவை. தட்டு