கன்னியப்பன் நாக்கு

12-2-2025, புதன்

இந்த வருஷத்து முதல் உப்பு இன்று வாரினோம். காலை ஆறு மணிக்கே உப்பளத்தில் இறங்கிவிட்டேன். நாற்பது பாத்தி. ஒவ்வொன்றிலும் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, உப்பு முற்றிவிட்டதா, கசப்பு ஏறத் தொடங்கிவிட்டதா பார்த்து, "வாரு" என்றோ "இன்னும் ஒரு நாள்" என்றோ சொல்வதுதான் என் உத்தியோகம். ஒன்பதாவது ஃபெயிலுக்கு இதைவிடப் பெரிதாக யார் கொடுப்பார்கள்? தண்ணீரில் மிதக்கவிட்டு அளக்கிற கண்ணாடிக் குழாய் ஒன்றை முதலாளி பச்சமுத்து வாங்கி வைத்திருக்கிறார். அது பீரோவில் தூங்குகிறது.

குனியும்போதெல்லாம் மூச்சு வாங்கியது. கைலி முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. உப்பு வாரும் பெண்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். வீட்டில் சொன்னால் என் மனைவி கரீமா, "தொப்பைங்க அது. நாலு நாளைக்கு பரோட்டாவ நிறுத்துங்க" என்கிறாள். காலும் வீங்கியிருக்கிறது. பரோட்டா காலுக்கு இறங்குமா?

17-2-2025, திங்கள்

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என் பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கேதான் ஹெபடைடிஸ் சி என்று கண்டுபிடித்தார்கள். மூன்று மாதம் மாத்திரை கொடுத்து, கிருமி போய்விட்டது என்று சீட்டும் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நான் ஃபிரேம் போடாத குறை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார்கள். கிருமியே இல்லாதவனுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று போகவில்லை. அவ்வளவு புத்திசாலி நான்.

"கிருமி போனது போனதுதான் நூர் முஹம்மது. ஆனா இருபத்தஞ்சு வருஷமா உள்ள இருந்து ஈரல அரிச்சிட்டுப் போயிருக்கு. சுருங்கிப் போச்சு. வயித்துல இருக்கறது தண்ணி. இவ்ளோ சீக்கிரம் இந்த அளவுக்கு வரும்னு நாங்களே எதிர்பார்க்கல. குடிப்பீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்லம்மா."

எழுதிக்கொண்டார். நம்பினாரா தெரியவில்லை.

உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்குமாம், இனி ஆகாது. சோறு, குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எதிலும்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"உப்பளத்துல மேஸ்திரிம்மா."

பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே போய்விட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கரீமா மட்டும் சிரிக்கவில்லை.

18-2-2025, செவ்வாய்

வாயால் யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் எழுதிவிடுகிறேன். எனக்குக் கன்னியப்பன் மேல் பொறாமை.

அவனும் நானும் அளத்தில் முப்பது வருஷக் கூட்டாளி. தொண்ணூற்றெட்டில் ஒரே காய்ச்சல், ஒரே நாள், ஒரே கம்பவுண்டர் வீட்டில் ஊசி போட்டுக்கொண்டோம். எனக்குப் போட்ட ஊசியை வெந்நீரில் முக்கி எடுத்து அவனுக்குப் போட்டார் அந்தப் புண்ணியவான். கிருமியும் இரண்டு பேருக்கும் வந்தது. மாத்திரையும் ஒன்றாகத்தான் பஸ் ஏறிப் போய் வாங்கினோம். போன மாதம் அவன் ஸ்கேன் எடுத்தான். ஈரலில் ஒரு கீறல் கிடையாதாம்.

சனிக்கிழமை தவறாமல் டாஸ்மாக் போகிறவன் அவன். ஒரு சொட்டு தொடாதவன் நான். கடைத்தெருவில் பாய்க்கு ஈரல் கெட்டுவிட்டது என்றதும், "ரகசியமா ஊத்துவாரு போலக்குது" என்று பேசுகிறார்களாம். குடித்தவனுக்குப் பேரும் கெடவில்லை, ஈரலும் கெடவில்லை. அட, குடித்தாவது கெட்டிருக்கலாம் —

அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லா மன்னிக்கணும். இந்தப் பக்கத்தை மகள் ஆஸிஃபா பார்க்கக்கூடாது.

21-2-2025, வெள்ளி

ஆஸிஃபா தையல் டேப்பால் என் வயிற்றை அளந்தாள். 102. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அளப்பாளாம். திண்டிவனம் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், வீட்டில் டாக்டர் அவள்தான்.

"அத்தா, மூச்ச இழுக்காதீங்க. ஏமாத்தறீங்க."

இழுத்தேன்தான்.

எனக்குத் தனிச் சட்டி, உப்பில்லாத குழம்பு. நானும் உங்களோடு அதையே சாப்பிடுகிறேன் என்று கரீமா இரண்டு நாள் வீம்பு பிடித்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். இன்று அடுப்படியில் நெத்திலிக் கருவாட்டு வாசனை. நான் வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லித் தண்ணி மாதிரி ஒன்றைச் சோற்றில் ஊற்றித் தின்றேன். பூனைக்கு இரண்டு தலை கிடைத்தது. ஒரு பூனையைப் பார்த்து இப்படி வயிறெரியும் என்று நான் நினைத்ததில்லை.

2-3-2025, ஞாயிறு

முதல் நோன்பு. எனக்கு இல்லை. மாத்திரை வேளை தவறக்கூடாது, நோன்பு பிடிக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கரீமாவும் ஆஸிஃபாவும் பிடித்திருக்கிறார்கள். அவர்களுடைய தாகத்தைப் பார்த்தும் பொறாமைதான்.

வருஷா வருஷம் நோன்பு மாதத்தில் பகலில் நான் நாக்கில் எதுவும் வைப்பதில்லை. அந்த ஒரு மாதம் மட்டும் கன்னியப்பன் ருசி பார்ப்பான். இது எங்கள் அளத்துப் பழக்கம். இந்த வருஷம் எனக்கு அந்தத் தடை இல்லைதான். ஆனாலும் ரமலானில் பட்டப்பகலில் நடு அளத்தில் நின்று வாயை அசைக்க வெட்கமாக இருந்தது. வழக்கம்போல அவனிடமே விட்டேன்.

14-3-2025, வெள்ளி

98.

28-3-2025, வெள்ளி

94! டாக்டரம்மா மாத்திரை என்கிறார். கரீமா தான் தொழுது கேட்ட துஆ என்கிறாள். இரண்டு பேருக்கும் தலையாட்டி வைத்தேன்.

31-3-2025, திங்கள்

பெருநாள். கன்னியப்பன் வந்து மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டான். எனக்கு உப்பில்லாத பிரியாணி. "எப்படி பாய் இருக்குது?" என்றான். "ஈரமா இருக்குது" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

1-4-2025, செவ்வாய்

இன்று அளத்தில் எல்லோர் எதிரிலும் பச்சமுத்து சொன்னார்: "நோம்பு மாசத்து உப்பு சூப்பர் பாய். வியாபாரி போன் பண்ணிக் கேக்கறான், யாரு பாத்து எடுத்ததுன்னு."

கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடக்கமாம்!

ஈரல்தான் நன்றாக இருக்கிறது, போகட்டும். நாக்குமா?

"இனிமே நான் பாத்துக்கறேன்" என்று இறங்கினேன். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு மூலைக்கு இரண்டு மூலையாக எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேலை என்றால் என்ன என்று காட்ட வேண்டாமா?

11-4-2025, வெள்ளி

99. பெருநாள் சாப்பாடு என்கிறாள் ஆஸிஃபா. அந்த ஈர பிரியாணியா?

18-4-2025, வெள்ளி

103. காலை அமுக்கினால் குழி விழுகிறது, எழும்ப நேரமாகிறது.

21-4-2025, திங்கள்

மூத்திரத்தைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நிறைய உப்பு போவுது. நீங்க உப்பு சாப்பிடறீங்க."

"அல்லா சத்தியமா இல்லம்மா."

கரீமா பக்கம் திரும்பினார். "பாவமேன்னு நீங்க கொஞ்சம் போட்டுக் குடுக்கறீங்களா? உண்மையச் சொல்லுங்க."

கரீமா முகம் செத்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? ஒருவேளை போட்டிருப்பாளோ என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. அதுதான் காரணம்.

"இப்படியே போனா மாற்று ஈரல்தான். வீட்ல யாராவது குடுக்க முடியுமான்னு பாருங்க" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னால் ஆஸிஃபா, "நான் குடுக்கறேன் மேடம்" என்றாள். யாரோ பேனா இருக்கிறதா என்று கேட்டதுபோல. பத்தொன்பது வயது.

பஸ்ஸில் மரக்காணம் வரும்வரை கரீமா ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

22-4-2025, செவ்வாய்

வீட்டில் யாருக்குமே உப்பில்லாத சோறு. கரீமா உப்பு ஜாடியைத் தூக்கி அலமாரி மேலே வைத்துவிட்டாள். "இப்ப யாரு மேல சந்தேகப்படுவாங்கன்னு பாப்போம்" என்றாள். சுவரிடம்தான் சொன்னாள்.

24-4-2025, வியாழன்

காலையிலிருந்து கன்னியப்பன் ஒரு டீ டம்ளரோடு என் பின்னாலேயே வந்தான். நான் ஒரு சிட்டிகை எடுத்தால் அவனும் அதே அளவு எடுத்து டம்ளரில் போட்டான். நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்தேன்.

"இன்னாடா பண்ற?"

"நீ உன் வேலைய பாரு பாய்."

நாற்பதாவது பாத்தி முடிந்ததும் டம்ளரை என் மூக்குக்கு நேராக நீட்டினான். பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

"இதான் நீ இன்னிக்கு துன்னது."

"துன்றனா? துப்பிடறேன்டா!"

"எங்க துப்பற? முப்பது வருசமா பாக்கறேன். சப்புக்கொட்டி முழுங்கிட்டு அடுத்த பாத்திக்குப் போவ. நோம்பு மாசம் யாரு நாக்கு? என் நாக்கு. உன் வயிறு எறங்குச்சு. பெருநாள் முடிஞ்சு நீ வாய வெச்ச, ஏறிச்சு. இதுக்கு ஸ்கேன் வேற எடுக்கணுமா?"

உப்பு என்றால் எனக்குக் குழம்பில் போடுவதுதான். பாத்தியில் நாக்கில் வைப்பது வேலை. கொத்தனார் சிமெண்டு சாப்பிட்டார் என்று யாராவது சொல்வார்களா?

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் கத்தினேன். "என் வேலைய புடுங்கப் பாக்கறியா? நான் போனா நீ மேஸ்திரி, அதானே உன் கணக்கு!"

வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் டம்ளரை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் சொன்னது சரி. கேட்டவுடனே தெரிந்துவிட்டது. அதை அவன் கண்டுபிடித்தானே, அதுதான் தாங்கவில்லை. ஈரல் அவனுக்கு, நாக்கு அவனுக்கு, மூளையும் அவனுக்கேவா?

25-4-2025, வெள்ளி

இன்றும் நாக்கில் வைத்தேன். பாதிதான் வைத்தேன். பாதி திருடினால் திருட்டில்லையா?

104. கரீமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளையிலிருந்து அளத்தில் நான் யார்? குடை பிடித்துக்கொண்டு நிற்கிறவன்.

28-4-2025, திங்கள்

ஆஸிஃபா பாண்டிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். எங்களிடம் சொல்லாமல், தோழியோடு. சாயங்காலம் பரீட்சையில் பாஸானவள் மாதிரி ஓடி வந்தாள்.

"அத்தா, ஓ பாசிட்டிவ்! உங்களுதேதான். இன்னும் நிறைய டெஸ்ட் இருக்குதாம், ஆனா மொதல் டெஸ்ட்ல பாஸ்." பிறகு வயிற்றில் கை வைத்து, "தழும்பு இவ்ளோ பெருசா வருமாம். பரவால்ல, யாரு பாக்கப் போறா" என்று சிரித்தாள்.

கரீமா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்னா மனுசன்டா நீ. நீ நாக்கு நாக்குன்னு கெடக்கற, உன் புள்ள வயித்தக் கிழிக்கப் போறாங்க. கன்னியப்பன் பேரு வாங்கிடுவான்னு — வாங்கட்டுமே! வாங்கிட்டுப் போவட்டுமே! நீ பெத்தது ஒண்ணே ஒண்ணு.

அளத்துக்கு நடந்து போனேன். டம்ளர் வரப்பிலேயே இருந்தது. எடுத்து வந்து கரீமா எதிரில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் டம்ளரையே பார்த்தாள். "அந்தம்மா என்ன கேக்கறப்போ பக்கத்துல சும்மாத்தானே நின்னீங்க" என்றாள். அப்புறம் எழுந்து, அலமாரி மேலிருந்த ஜாடியை இறக்கி, டம்ளர் உப்பை அதில் கொட்டினாள்.

"நல்ல உப்பு. ஏன் வீணாக்கணும்" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டே.

29-4-2025, செவ்வாய்

பச்சமுத்துவையும் வைத்துக்கொண்டு எல்லோர் எதிரிலும் சொன்னேன்: "இன்னிலேர்ந்து கன்னியப்பன் நாக்குதான். நான் பாத்தி கட்டறது, ஆள் பாக்கறது மட்டும்." அன்றைக்குக் கத்தியதும் எல்லோர் எதிரிலும்தானே.

அவன் முதல் பாத்தியில் குனிந்தான். நான் பின்னாலேயே போய், "டேய், வாய வெச்சவுடனே கொப்புளிச்சுத் துப்பு. அப்புறம் சனிக்கிழமைய நிறுத்து. ஊத்தற நாக்குக்கு லேசான கசப்பு தெரியாது" என்றேன்.

"உன் ஈரலுக்கு நான் எதுக்குப்பா பத்தியம் இருக்கணும்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே ஊசிதானே."

முறைத்தான். பிறகு கொப்புளித்தான்.

16-5-2025, வெள்ளி

96. டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து வந்து கரீமாவின் கையைப் பிடித்து, "தப்பா கேட்டுட்டேம்மா" என்றார். கரீமா வீடு வரும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாற்று ஈரல் இப்போதைக்கு வேண்டாமாம். ஆனால் போன ஈரல் போனதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்டிப்பாக ஸ்கேன். இந்தத் தடவை கன்னியப்பனோடு சேர்ந்து போவேன். அவனுக்கு எப்படியும் நன்றாகத்தான் வரும். நாசமாய்ப் போனவன்.

ஆஸிஃபா அந்த ரத்தச் சீட்டை என் ஃபைலிலேயே வைத்திருக்கிறாள். எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன் என்கிறாள்.

13-6-2025, வெள்ளி

புதன்கிழமை கிழக்குப் பாத்திகளைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள்" என்றான் கன்னியப்பன். என் கண்ணுக்கு அன்றைக்கே வாரலாம் என்று பட்டது. வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மழை கொட்டினால் என்ன என்று நினைத்தேன். நாற்பது பேர் உழைப்பு. அல்லா மன்னிக்கணும்.

மழை வரவில்லை. இன்று வாரினோம். காலை வைத்தால் கறுக்கென்றது. ஒரு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்து கரீமாவிடம் கொடுத்தேன்.

"ருசி பாரேன்."

நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்குது?"

"உப்பு மாதிரி இருக்குதுங்க."

"அது தெரியும். நான் எடுத்தது மாதிரி இருக்குதா?"

இன்னொரு கல் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். இந்த மாதிரி விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது.

"உங்களுத விட துளி நல்லாவே இருக்குது."

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். ஆஸிஃபா டேப்போடு வந்து கையைத் தூக்கச் சொன்னாள். குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"அத்தா, மூச்ச இழுத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

மறுபடி அளந்தாள். 91.