பாக்கி இருந்த வளைவுகள்

தேவனூர் நாடு,
வியாழக்கிழமை.

அன்பு மகன் யுவராஜுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீயும் வேலை சொல்லித்தருகிற ஸ்டெல்லா மிஸ்ஸும் பேக்கரியில் உன்னோடு வேலை பழகுகிற பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் குரல் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, கடிதம் மாறாது என்று நீ சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன். புரியாத வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்து மிஸ்ஸிடம் கேள்.

உன் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அப்பா, தப்பு என் மேலயா, வளைவு மேலயா?" விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பு உன் மேல் இல்லை. வளைவு மேலும் இல்லை. என் மேல்தான்.

எப்படி என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீளம் அளக்கச் சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும், கையால் செய்தால் மறக்காது என்று எங்கள் வகுப்பறையின் நீளத்துக்கே ஒரு கயிறு வெட்டிக் கொடுத்தேன். அவர்கள் அதை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறையை அளக்கப் போனார்கள். திரும்பி ஓடிவந்து, "சார், ஹெட்மாஸ்டர் ரூம இன்னும் கட்டி முடிக்கலீங்க, கயிறு மிச்சம் கெடக்குது" என்றார்கள். பிள்ளைகள் சரியாகத்தான் அளந்தார்கள். ஓர் அறைக்கு மட்டும் பொருந்துகிற கயிற்றைக் கொடுத்தவன் நான்.

முப்பது வருடம் கழித்து உனக்கும் அதையே செய்தேன். காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினால் எழுபது வளைவு, எழுபது முடிந்தால் சோளக்காடு, அங்கே அப்பா நிற்பேன் என்று சொல்லிக்கொடுத்தேன். இடது பையில் எழுபது புளியங்கொட்டை. ஒரு வளைவுக்கு ஒன்று வலது பைக்கு மாற வேண்டும். இரண்டு பேரும் ஒன்பது தடவை போய் வந்து பழகினோம். ஒருமுறை கூட நீ பிசகவில்லை. பத்தாவது தடவை பேக்கரியிலிருந்து நீ தனியாக வந்தாய். அன்று மழையில் பாறை விழுந்து பாதையை அடைத்துவிட்டது. பஸ்ஸை பேளுக்குறிச்சி வழியாக முள்ளுக்குறிச்சிக்குத் திருப்பி, அந்தப் பக்கத்து ரோட்டில் மேலே ஏற்றிவிட்டார்கள். அந்த ரோட்டில் வளைவுகள் குறைவு. பஸ் சோளக்காட்டுக்கு வராமல் நேராக செம்மேட்டுக்குப் போய் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். உன் இடது பையில் கொட்டை மிச்சம் இருந்தது. நீ இறங்கவில்லை.

நீ செய்ததை நீ எழுதிவிட்டாய். நான் செய்ததையும் எழுத வேண்டும் அல்லவா? சோளக்காட்டில் இரண்டு மணியிலிருந்து நின்றேன். மழையில் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. வந்த வண்டியை எல்லாம் நிறுத்திக் கேட்டேன். ஒரு லாரிக்காரர், சின்னப் பையனா என்று கேட்டார். இருபத்திரண்டு வயது என்றேன். "அப்புறம் எதுக்குங்க இப்படிப் பதறறீங்க?" என்றார். நான் அடுத்த வண்டிக்குக் கை காட்டப் போய்விட்டேன். ஐந்தரை மணிக்கு நம் பக்கத்து வீட்டுக் காளியண்ணன் பைக்கில் வந்து, "வாத்தியாரே, உங்க பையன் செம்மேட்டுல ராசா மாதிரி உக்காந்திருக்கானுங்க, ஏறுங்க" என்றார்.

நான் வருவதற்குள் நடந்ததைக் கண்டக்டர் அர்த்தனாரி சொன்னார். அவர் உன்னிடம், "ஏஞ்சாமி, எறங்கலயா? பஸ்ஸு இதுக்கு மேல போவாது" என்றாராம். நீ, "வளைவு இன்னும் பாக்கி இருக்குதுங்க" என்றாயாம். அவர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, அந்தப் பாக்கியை எங்கிட்டக் குடு கண்ணு. பாதை தொறந்ததும் காரவள்ளிப் பக்கம் போறப்ப நான் முடிச்சுடறேன்" என்று கையை நீட்டினாராம். நீயும் மிச்சக் கொட்டைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாயாம்.

யுவராஜ், நான் அங்கே இருந்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது. வேறு பாதை, வேறு எண்ணிக்கை என்று ஒரு மணி நேரம் விளக்கியிருப்பேன். நீ அழுதிருப்பாய். நான் வந்தபோது நீ டீக்கடைப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்து, டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தாய். அன்று முழுக்கப் பயந்துபோய் இருந்தவன் நான் ஒருவன்தான் என்று அப்போது புரிந்தது.

ஊர்ச் செய்தி. இந்த வருடம் மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது என்கிறார் காளியண்ணன். தினமும் காலையில் நீ வாசலில் நின்று இன்று என்ன கிழமை என்று சத்தமாகச் சொல்வாயே, இப்போது சொல்ல ஆள் இல்லை. போன வாரம் ஸ்டாம்பு வாங்கப் போனேன், போஸ்டாபீஸ் பூட்டியிருந்தது. காளியண்ணன், "வாத்தியாருக்கே ஞாயித்துக்கெழமை தெரியலீங்களா?" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது காலண்டரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

அவர் வீட்டுப் பெருமாயி அக்கா உன்னை விசாரித்தார். விசாரித்ததோடு நிற்கவில்லை. "ஏனுங்க, ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்னீங்க, பெத்த புள்ளைய இப்படிக் கீழ கொண்டுபோயி உட்டுட்டீங்களே. ஊட்டோட வெச்சுக்கங்க. கஞ்சியோ களியோ கண்ணு முன்னால குடிச்சுட்டு இருக்கட்டும்" என்றார். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அது சரி என்றே பட்டது. நீ இங்கேயே மிளகு பிரிக்கலாம் என்று கொட்டகையைக் கூட்டினேன். மிளகு பிரிக்கிற மேஜைக்குப் புதுக் கால் அடித்தேன். ஸ்டெல்லா மிஸ் அனுப்பிய படிவத்தில், பயிற்சி முடிகிற தைக்கு அப்புறமும் நீ பேக்கரியோடு சேர்ந்த வீட்டிலேயே தங்கி வேலை பார்க்கலாமா என்று கேட்ட இடத்தில், வேண்டாம் என்று பென்சிலால் எழுதினேன்.

முந்தாநாள் சோளக்காட்டில் அர்த்தனாரி பஸ்ஸை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "தம்பிகிட்டச் சொல்லிடுங்க, பாக்கியெல்லாம் முடிச்சுட்டேன். அடுத்த தடவ எப்ப வரான்? என் வண்டியிலயே வரச் சொல்லுங்க" என்றார். விசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் வந்த வேலையை மறந்து வீட்டுக்குத் திரும்பினேன். உனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தேன், எடை போடக் கற்றுக்கொடுத்தேன், சட்டைப் பொத்தான் தைக்கக்கூடக் கற்றுக்கொடுத்தேன். பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. எப்போதும் பக்கத்தில் நானே இருந்தேன், அதனால் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பென்சில் எழுத்தை அழித்தேன். படிவத்தில் என் கையெழுத்தைப் பேனாவால் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ அங்கே தங்க அப்பாவுக்குச் சம்மதம் என்று அதற்குப் பொருள். நீ தங்கித்தான் ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. அதற்குக் கீழே உள்ள கட்டத்தில் உன் கையெழுத்து வேண்டும். தங்க விருப்பம் இருந்தால் போடு. இல்லையென்றால் கட்டத்தை அப்படியே விட்டுவிடு. இரண்டுமே தப்பில்லை.

நீ உருட்டுகிற நாற்பது பன்னும் ஒரே எடை இருப்பதாக மிஸ் எழுதியிருந்தார். படித்துச் சந்தோஷப்பட்டேன். வேலை செய்யும்போது இடையில் தண்ணீர் குடி. கையில் சூடு பட்டால் உடனே சொல்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நிதானமாக யோசி. ஸ்டெல்லா மிஸ்ஸைக் கேள். உன் அறையில் இருக்கிற இளங்கோவைக் கேள். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு, கடைசியில் நீயே முடிவு செய். கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருப்பார், சாமி.

அப்பாவை மட்டும் கேட்காதே. இந்த ஒரு கணக்குக்கு அப்பா தப்பான விடைதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சுந்தரராஜன்