இனிஷியலுக்கு எதற்கு செட்டர்?

ஜூன் 2
டிராஃபிக்கில் வைட்ஃபீல்ட் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. பரவாயில்லை. பள்ளி ஐடி கார்டு சாஃப்ட்வேரில் மாணவர் 'கிளாஸ்', அதாவது ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் வைத்திருக்கும் கோட் பகுதி, இனி என் பொறுப்பு. பெயர், இனிஷியல், ரத்தப் பிரிவு என்று அதன் விவரங்களை, ப்ராப்பர்ட்டிகளை, அறிவித்தேன். ஒவ்வொன்றையும் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர். எல்லாவற்றையும் கோட் எடிட்டரே எழுதிக் கொடுத்துவிட்டது. ஒரே கிளிக்! வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஜூன் 5
சோதனைக்கு அச்சடித்த கார்டுகளில் '0. சீனு', '0. மமதா'. எல்லாப் பிள்ளைக்கும் பூஜ்யம்! பக்கத்து சீட் அபினவின் வேலை. லக்னோக்காரன். இனிஷியல் என்றால் ஆரம்ப மதிப்பு என்று நினைத்து, செட்டர்தான் இருக்கிறதே என்று பூஜ்யத்தை வைத்துவிட்டான். அப்பா பெயரின் முதல் எழுத்து என்று விளக்கினேன். அப்படியென்றால் சர்நேம் எங்கே என்கிறான். எங்களுக்கு ஏது சர்நேம்?

திறந்த வீட்டில் நாய் நுழைந்தால் நாயைத் திட்டி என்ன பயன்? செட்டரை அழித்துவிட்டேன். பிள்ளையைச் சேர்க்கும்போது ஒரு தடவை வைப்பதோடு சரி. பிறகு படிக்கலாம், மாற்ற முடியாது. அப்பா மாறுவாரா என்ன?

ஜூன் 6
மேனேஜர் சங்கமித்ரா மேடம் "நல்ல டிசைன்" என்றார். தலைகால் புரியவில்லை.

ஜூலை 14
ஹெப்பகோடியிலிருந்து அக்கா யூனிஸ் போன். அவள் மகள் ஜெனிஷாவின் பள்ளியிலும் எங்கள் சாஃப்ட்வேர்தான். விவாகரத்துக்குப் பிறகு மகளுக்குத் தன் இனிஷியல் போடக் கேட்டிருக்கிறாள். "பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கு, கம்ப்யூட்டர்லதான் மாத்த வரலன்றாங்க. விட்டுட்டுப் போன ஆளோட எழுத்த எம்பொண்ணு எத்தன வருஷம் சுமக்கணும்? எவன்டி இத எழுதனான்?"

நான்தான் அக்கா. போன வச்சதும் ஜூன் 5 பக்கத்தப் புரட்டினேன். அப்பா மாறுவாரான்னு எவ்ளோ திமிரா எழுதி வச்சிருக்கேன் — வின்சென்ட் மாமா போனது எனக்குத் தெரியாதா?

ஜூலை 15
செட்டர் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை கிளிக் இல்லை, நானே எழுதினேன். பூஜ்யம் வந்தால் துரத்தும். பள்ளி முதல்வரின் ஒப்புதல் இருந்தால்தான் மாற்றும். அம்மாவின் எழுத்தா, அப்பாவின் எழுத்தா என்று மட்டும் கேட்காது. மாறாது என்றாயே என்று அபினவ் சீண்டினான். மாறும் என்றேன். இதுதான் நல்ல டிசைன்.

ஜூலை 24
புதுக் கார்டு போட்டோ அனுப்பியிருக்கிறாள் அக்கா. 'ஈ. ஜெனிஷா'. யூனிஸுக்கு இங்கிலீஷில் முதல் எழுத்து E ஆயிற்றே. வகுப்பில் பையன்கள் 'ஈ, ஈ' என்று கை வீசி விரட்டினார்களாம்.

"ஈ-ன்னா எங்கம்மாடா" என்றாளாம் ஜெனிஷா.