கதவு சாத்தக் கூடாத வாரம்

யூன் 6, சனி

கச்சான் காற்று. வாய், காது, பாண் பெட்டி எல்லாம் புழுதி. பாண் விற்கிற ஓட்டோவின் கண்ணாடியை மூன்று தரம் துடைத்தேன். நாவற்குடா உள்வீதியில் பணிஸ் முடிந்தது. பாண் மிச்சம். இந்தக் காற்றுக்கு ஆட்கள் எழும்பி வாசல் படலை வரைக்கும் வரப் பஞ்சிப்படுகிறார்கள்.

மத்தியானம் வாவிக்கரையில் மரநிழல் பார்த்து ஓட்டோவை நிறுத்தி, போனில் விவரணப்படம். இது இப்போது என் இரண்டாவது உத்தியோகம். சம்பளம் இல்லை, கண்ணெரிவு உண்டு.

காரணம் மூத்தவள் அபிசா. ஏழு வயது. பணிஸ் கருகினால் பணிசுக்காக அழுகிற பிள்ளை. தாய் வசந்தி வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன இந்தப் பதினான்கு மாதத்தில் அழுகை இன்னும் கூட. இளையவன் யது, நாலு வயது. அக்கா அழுதால் காரணம் கேட்காமல் தானும் சேர்ந்துகொள்வான். போன மாதம் அபியின் டீச்சர் சொன்னார்: "கார்ட்டூன் சத்தம் இவவுக்கு ஒத்துவராது. மெதுவான விவரணப்படம் ஏதும் போட்டுக் காட்டுங்க."

முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, நல்லதென்று சிங்கப் படம் போட்டேன். பதினோராம் நிமிடம் மான்குட்டி. அந்தக் கிழமை முழுக்க வீட்டில் ஒருவரும் இறைச்சி தின்னவில்லை, நான் உட்பட.

அதிலிருந்து சட்டம்: நான் முழுக்கப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்கு. ஓ.எல். சோதனையில் கணக்குக்கு இரண்டு தரம் விழுந்தவன் இப்போது தணிக்கை அதிகாரி.

பார்த்தவை:
கடலாமை. குஞ்சு பொரிக்கும் வரை நல்லது. பிறகு பறவைகள் வருகின்றன. கூடாது.
சேற்றில் விழுந்த யானைக்கன்று. கடைசியில் தப்புகிறது. அதுவரை நான் அழுத அழுகையைப் பார்த்து, பாண் வாங்க வந்த பெண் "ஆரும் மோசம் போயிட்டாங்களா அண்ணன்?" என்று இழவு விசாரித்தாள். கூடாது.
தேனீ. ஆண் தேனீயின் முடிவு எனக்கே பிடிக்கவில்லை. கூடாது.
நத்தை. நாற்பது நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. நித்திரை. பாஸ்.

இன்று கிடைத்தது: இருவாட்சிப் பறவை. பெரிய மஞ்சள் சொண்டு, ஆணும் பெட்டையும் சோடியாகவே திரியும், பழம் தின்னும். சண்டை இல்லை, இரத்தம் இல்லை. விளக்கம் சொல்கிறவரின் குரல்தான் வானொலி மரண அறிவித்தல் போல. இருபதாம் நிமிடத்தில் போனில் டேட்டா முடிந்தது. பழம் தின்னுகிற பறவைக்கு என்ன வந்துவிடப் போகிறது? சட்டத்தை இன்றைக்கு மட்டும் தளர்த்தினேன். பாஸ்.

யூன் 7, ஞாயிறு

பின்னேரம் வீட்டு வைஃபையில் டீவியில் போட்டேன். பக்கத்து வளவிலிருந்து தேவி அக்காவும் வந்தார். என் கூடப் பிறந்தவர். நான் பாண் விற்கப் போனால் பிள்ளைகளைப் பார்ப்பதும் அவர்தான். இருபது நிமிடம் சொர்க்கம். யது சொண்டைக் காட்டி, "அப்பாட மூக்கு" என்றான். அபி சிரித்தாள்.

இருபத்தோராம் நிமிடம் பெட்டை மரப்பொந்துக்குள் போனது. ஆண் மண் கொண்டுவந்தது. பொந்தின் வாசல் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டது. சொண்டு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம்.

"ஏன்ப்பா அடைக்குது?"
"முட்டை போடத்தான் மகள்."
"அப்ப எப்பிடி வெளிய வாற?"

எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இருபது நிமிடம். அவள் எழும்பிப் போய் டீவியில் கையால் அடித்தாள். "திறக்கச் சொல்லுங்க! திறக்கச் சொல்லுங்க அப்பா!" யதுவும் தொடங்கினான். டீவியை நிறுத்தினேன்.

தேம்பித் தேம்பிச் சொன்னாள்: "அம்மாவையும் இப்பிடித்தானே பூட்டி வச்சிருக்காங்க."
"ஆரு சொன்ன?"

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். வேலியடியில் நின்று யாரோடோ கதைத்தாராம், வெளிநாட்டில் சில வீடுகளில் வேலைக்குப் போனவர்களை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள் என்று. "பொதுவாத்தான் சொன்னன் தம்பி. வசந்தியச் சொல்லல்ல."

"அம்மாவ ஒருத்தரும் பூட்டல்ல மகள்" என்றேன்.
"நீங்க பாத்தீங்களா?"
"ஓம்."

பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வசந்தி வீடியோ கோல் எடுப்பாள். அவள் முகம், பின்னால் ஒரு பச்சைச் சுவர், சுவரில் ஒரு தட்டு. பதினான்கு மாதமாக நான் கண்டது அவ்வளவே.

யூன் 8, திங்கள்

வீட்டில் ஒரு கதவும் சாத்தக் கூடாது. அபியின் சட்டம், என்னுடையதைவிடக் கண்டிப்பு. கச்சான் வந்து சாத்தும், அவள் ஓடிப்போய்த் திறப்பாள். கடைசியில் எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுத்தாள். முன்கதவுக்குச் செங்கல். அறைக்கு அம்மிக் குழவி. சமையல் குசினிக்கு, என் கலியாணத்துக்குக் காலில் போட்ட சப்பாத்து. எட்டு வருடத்துக்குப் பிறகு அதற்கு ஒரு வேலை.

விளைவு: கட்டிலில் கோழிமுட்டை. குசினியில் யாருடையவோ ஆடு. குளியலறையும் திறந்தபடி. உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமென்று பாடிப் பாடிக் குளித்தேன். முற்றத்திலிருந்து தேவி அக்கா: "கதவு திறந்திருந்தாப் பரவால்ல தம்பி, பாட்ட நிப்பாட்டு."

பத்து மணிக்கு டீச்சரின் போன் கோல். காற்றுக்கு வகுப்புக் கதவு படாரென்று சாத்த, அபி கத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனவள் வரமாட்டேன் என்கிறாளாம். பாதிப் பாண் விற்காத ஓட்டோவோடு போய் ஏற்றினேன். ஆரையம்பதி வரை கூடவே வந்தாள். ஓட்டோவுக்குக் கதவு இல்லை. இன்று முழுக்க அதில் மட்டும்தான் நிம்மதியாக இருந்தாள்.

யூன் 9, செவ்வாய்

காற்று அதே. அபி பள்ளிக்கூடம் போகவில்லை. சோறும் அரைவாசி.

ஆறுதலுக்கு நத்தைப் படம் போட்டேன். நான் முழுக்கப் பார்த்த படம் என்ற தைரியம். முழுக்க நித்திரையில் பார்த்தது என்பது மறந்துபோயிற்று. ஐந்தாம் நிமிடம் நத்தை ஓட்டுக்குள் போய் வாசலை மூடிக்கொண்டது. அபி அழவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை. அழுதிருக்கலாம்.

அக்காவோடு வாய்த்தர்க்கம்.
"படம் காட்டிக் காட்டிப் புள்ளையக் கெடுத்துப்போட்டாய்."
"நீங்க வேலியில நிண்டு கதைச்சுத்தான் கெட்டது."
"அப்ப ரெண்டு பேரும்தான். தேத்தண்ணி குடிக்கிறயா?"
குடித்தேன். சீனி போட மறந்துவிட்டார். சொல்லவில்லை.

யூன் 10, புதன்

போனுக்கு டேட்டா போட்டேன். மத்தியானம் அதே மரம். இருவாட்சிப் படத்தை விட்ட இடத்திலிருந்து. பாண் கேட்டு வந்த மனிதரை "கொஞ்சம் இரிங்க" என்று நிறுத்திவைத்தேன். அவரும் எட்டிப் பார்க்க, இரண்டு பேருமாகப் பார்த்தோம்.

ஆண் பழம் கொண்டுவந்து கீறலால் ஊட்டுகிறது. நாள் முழுக்கப் போவதும் வருவதும். ("நம்மட சீவியந்தான்" என்றார் பாண் கேட்டவர்.) பிறகு ஒரு காலையில் பெட்டை உள்ளேயிருந்து கொத்தத் தொடங்குகிறது. மண் கட்டி கட்டியாக விழுகிறது. தலை, ஒரு செட்டை, முழு உடம்பு. வெளியே வந்துவிட்டது. ஒருவரும் திறந்துவிடவில்லை.

அன்று நான் டீவியை நிறுத்தாமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்திருக்கும். மூன்று நாளாக என் பிள்ளையின் தலைக்குள் அதை அடைத்து வைத்தது நான்.

பின்னேரம் கேட்டேன்: "மிச்சம் பாப்பமா?"
"மாட்டன்."
"அது வெளிய வருது மகள்."
"நீங்க பாத்தீங்களா?"
"இந்தத் தரம் முழுக்கப் பாத்தன்."

முன்வாசலில், ஒரு கால் வெளியே வைத்தபடி, ஓடத் தயாராக நின்று பார்த்தாள். பறவை வந்ததும் யது கைதட்டினான். அவள் தட்டவில்லை. "அடைக்கிற இடத்தத் திருப்பிப் போடுங்க." மூன்று தரம் போட்டேன். மூன்றாம் தரம்தான் எனக்கே தெரிந்தது. ஆண் மண் எடுத்துக் கொடுக்கிறது, பூசுவது பெட்டை. உள்ளேயிருந்து.

"அப்ப அது தானாத்தான் பூட்டின."
"ஓம்."
"அம்மாட கதவு?"

நான் ரிமோட்டைத் தேடினேன்.

"நீங்க பாத்த எண்டு சொன்னீங்க."
"பாக்கல்ல மகள். பொய் சொல்லிட்டன்."

அழுவாள் என்று நினைத்தேன். சப்பாத்தை இன்னும் இறுக்கமாகக் கதவடியில் தள்ளிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

யூன் 11, வியாழன்

காற்று கொஞ்சம் தணிவு. ஓட்டோவின் பின்சில்லுக்கு ஒட்டுப் போட்டேன். மீன் பணிஸ் நிறைய மிச்சம், வீட்டுச் சாப்பாடு அதுதான். யது மீனை மட்டும் தோண்டித் தின்றான். உடம்பெல்லாம் அலுப்பு.

ஏழு வயதுப் பிள்ளை கேட்டதை நான் பதினான்கு மாதமாகக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா கேட்டேன். தலையிடி சுகமா கேட்டேன். அக்கா வேலியடியில் சொன்ன கதை எனக்குப் புதிதில்லை, பாண் விற்கிற படலைகளிலும் கேட்ட கதைதான். கேட்டு, வசந்தி "ஓம்" என்று சொன்னால்? பாண் ஓட்டோவில் எவ்வளவு தூரம் போகலாம்? அதனால் மழை பெய்யுதா என்று கேட்டேன். பாலைவனத்தில்.

அபி பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் கதவுக்குப் பக்கத்தில் இருத்தினாராம். வந்ததும் சொன்னாள்: "நாளைக்கு அம்மாவோட நான்தான் முதல் கதைப்பன். நீங்க பேசாம இரிக்கணும்."

யூன் 12, வெள்ளி

நல்ல வெயில். இரண்டு மணிக்கு வசந்தியின் கோல். அபி போனைப் பறித்துக்கொண்டாள். சுகம் கூடக் கேட்கவில்லை.

"அம்மா, உங்கட வீட்டுக் கதவு உள்ளுக்க பூட்டுறதா, வெளிய பூட்டுறதா?"

வசந்தி முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பின்னால் அதே பச்சைச் சுவர். நான் போனைப் பார்க்காமல் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரு புள்ள சொன்ன?"
"ஒருத்தருமில்ல. காட்டுங்க."
"வீட்டுக்காரங்க நித்திரை. சத்தம் போடாம வாங்க."

படம் ஆடியது. தட்டு, முகடு, அவள் காது. ஒரு பெரிய குசினி. நீளமாக ஒரு நடை. வெள்ளை இரும்புக் கதவு. "இஞ்ச பாருங்க, திறப்பு உள்ளுக்கதான் கிடக்கு." பூட்டில் கிடந்த சாவியைத் திருப்பினாள். வெயில் வந்து படம் முழுக்க வெள்ளையாயிற்று. பிறகு ஒரு ரோடு, குப்பைத்தொட்டி, மதிலில் மஞ்சள் பூனை. செருப்புச் சத்தத்தோடு வெளியே இறங்கி நின்றாள். பதினான்கு மாதத்தில் அவளை வெயிலில் இன்றுதான் கண்டேன்.

"குப்பை போட ஒவ்வொரு நாளும் வாறன். இவருக்கு மீன் முள்ளு வைக்கிறன். பேர் யது."
"நான் பூன இல்ல!" என்றான் யது.

அபி போனை மூக்கோடு வைத்துப் பார்த்தாள். ரோட்டின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் காட்டச் சொன்னாள். பூனை மதிலால் இறங்கிக் கதவுப் பக்கம் வந்தது.

"அம்மா, சாத்துங்க. பூன உள்ளுக்க பூந்திரும்."

வசந்தி உள்ளே வந்து சாத்தினாள். அபி போனை என் கையில் திணித்துவிட்டு யதுவை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"இஞ்சாருங்க" என்றாள் வசந்தி. "நீங்களும் இதத்தான் இவ்வளவு நாளும் நினைச்சிட்டு இருந்தீங்களா?"

"பாணுக்குப் போக நேரமாகுது" என்றேன்.

"கேட்டிருக்கலாந்தானே."